திரும்பி வராத விடைத்தாள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. உள்ளே அப்பாவின் பழைய நாடாக்கள், பல் தேய்ந்த ஒரு அச்சு, சிக்குப்பிடித்த சரிகைத் துணுக்குகள். எல்லாவற்றுக்கும் அடியில், மிச்சப் பாவு இழையால் கட்டிய ஒரு தாள் கட்டு. 1982இல் நான் பி.ஏ. வரலாறு சேர்ந்த கதை அந்தக் கட்டில் இருக்கிறது. ஆரணியில் அன்றைக்கு யாரும் ‘அஞ்சல்வழிக் கல்வி’ என்று சொல்ல மாட்டார்கள். ‘பையன் கரஸ்ல படிக்கிறான்’ என்பார்கள். சொல்லும்போதே உதட்டில் ஒரு சுழிப்பு இருக்கும்.

மூன்று வருடத்தில் நான் எழுதி அனுப்பிய பயிற்சித் தாள்கள் பதினாறு. திருத்தித் திரும்பி வந்தவை மூன்று. மற்றவை என்ன ஆயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தபாலில் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டது நெசவுக்காரன் புத்தி. கொடுத்த சரக்குக்கும் எடுத்த சரக்குக்கும் கணக்கு வேண்டுமில்லையா.

வந்த மூன்றில் இரண்டில் மதிப்பெண் மட்டும் இருந்தது. மூன்றாவது, கர்நாடகப் போர்கள் பற்றியது. ‘1751 டிசம்பரில் ஆரணியில் நடந்த சண்டையில் கிளைவ் வென்றார்’ என்று ஒரு வரி எழுதி, சொந்த ஊர் பாடத்தில் வந்துவிட்ட பெருமையில் அடிக்கோடும் போட்டிருந்தேன். அதன் பக்கத்தில், ஓரத்தில், பொடி எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்: ‘ஏன் வென்றார்? உங்கள் ஊர்தானே, எழுதி அனுப்புங்கள்.’ முகவரியைப் பார்த்திருக்கிறார். ஊர் எதுவென்று பார்த்து, இந்தப் பையனுக்கு இதைக் கேட்டால் பிடித்துக்கொள்வான் என்று யோசித்திருக்கிறார். அவர் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்கு நான் ஒரு மாதம் அலைந்தேன். நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே சைக்கிளில் போய் வயல் வரப்பில் நின்று, கார்த்திகை மழை முடிந்த பிறகு இந்தச் சேற்றில் பீரங்கி வண்டி எப்படி நகரும் என்று பார்த்தேன். மூன்று பக்கம் எழுதினேன். எதிரிப் படை நெல் வயல் சேற்றில் இறங்க முடியாமல் ஒற்றையடிக் கரை வழியாக வர வேண்டியிருந்தது, கிளைவுக்கு மராட்டியக் குதிரைப்படை துணைக்கு இருந்தது, தோற்ற பக்கத்துச் சிப்பாய்கள் பலர் பிறகு இவர் பக்கமே வந்து சேர்ந்தார்கள் என்றெல்லாம். அனுப்பிய அந்தத் தாள் திரும்பி வரவில்லை. தேர்வில் தேறினேன், பட்டம் வந்தது, உத்தியோகமும் பிறகு வந்தது. அந்த மூன்று பக்கம் சரியா தவறா என்பது மட்டும் வரவில்லை.

தூரத்தில் இருக்கிறவனுக்குப் பாடம் அனுப்புவது ஒரு பெரிய காரியமே இல்லை. தபால் வந்த நாளிலிருந்து அது நடக்கிறது. அவன் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்து, நாலு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவதுதான் கஷ்டம். இந்தக் கல்வி முறையின் கதையை நான் அந்த நாலு வார்த்தையை வைத்துத்தான் பார்ப்பேன்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1840இல் இங்கிலாந்தில் எந்த ஊருக்கும் ஒரே பென்னி தபால் கட்டணம் என்று வந்தது. அதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர், பாத் நகரத்து ஐசக் பிட்மன். நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் படியேறிய யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அவர் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலில் அனுப்பினார். படிக்கிறவர்கள் எழுதிப் பழகியதைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் திருத்தி மறுபடி அனுப்பினார். கூட்டம் பெருகியதும் திருத்துவதற்கென்றே ஒரு சங்கம் உருவானது. சுருக்கெழுத்தில் ஒரு கோடு கொஞ்சம் தடித்தால் வேறு எழுத்தாகிவிடும். திருத்தாமல் அதைக் கற்றுக்கொடுக்கவே முடியாது. தபால் கல்வி பிறந்தபோது திருத்தம்தான் பாடமாக இருந்தது.

நமக்கு வந்து சேர்ந்தது வேறு வழி. லண்டன் பல்கலைக்கழகம் 1858இல், எங்கே படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி, தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அதன் அச்சில் வார்த்த சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்து, பல பத்தாண்டுகள் தேர்வு நடத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தது. பாடம் சொல்வது கல்லூரிகளின் பாடு. தேர்வு வைக்கிற இடத்துக்கு விடைத்தாள் ஒரு சான்றுப் பொருள், பூட்டி வைக்க வேண்டியது. எழுதியவனிடம் திருப்பிக் கொடுக்க அது என்ன கடிதமா? இந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாணவர் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அது 2011 ஆகஸ்டில். சொந்தக் கையெழுத்தைப் பார்க்க டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கிறது.

கல்லூரிக்குப் போகாமலே அந்தத் தேர்வுக் கதவு வழியாக மேலே வந்தவர்களும் உண்டு. எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், திருப்பத்தூரில், தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஓர் இளைஞர் உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். தமிழைத் தனியாகப் படித்து, 1935இல் வித்துவான் தேர்வை எழுதி மாகாணத்திலேயே முதலாவதாக வந்தார். கல்லூரி வகுப்பில் உட்காராமல் வந்த அவர்தான் மு. வரதராசனார். தம்பிக்கு, தங்கைக்கு, அன்னைக்கு, நண்பர்க்கு என்று கடிதங்களாகவே புத்தகங்கள் எழுதியவர். 1971இல் அவர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அந்த ஆண்டிலேயே அங்கே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. இரண்டையும் முடிச்சுப்போட்டுக் கதை சொல்ல நான் துணிய மாட்டேன். ஏற்பாடுகள் முன்பே தொடங்கியிருக்கும். ஆனால் தனியாகப் படித்தவர் நாற்காலியில் இருந்தபோது தனியாகப் படிக்கிறவர்களுக்குக் கதவு திறந்தது என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இலேயே தொடங்கியிருந்தது. நம் பக்கம் மதுரைக்குப் பிறகு அண்ணாமலை 1979, சென்னை 1981. பிறகு நடந்ததை ஆரணிக்காரன் பார்வையில் சொல்கிறேன். எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் பழுப்பு உறை வர ஆரம்பித்தது. தறியை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக முடியாதவர்கள், பத்தாவதோடு நிறுத்தப்பட்ட பெண்கள், அரிசி மில் கணக்குப்பிள்ளைகள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட ஆசிரியர்கள். இவர்கள் யாரும் கல்லூரிக்குப் பதிலாகக் கரஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. கல்லூரி என்ற ஒன்று இவர்கள் கணக்கிலேயே இருக்கவில்லை. அந்த உறைகள் செய்த உபகாரத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

பாடப் புத்தகத்தைத் தறிமரத்தில் சாய்த்துவைத்துப் படித்தேன் என்று எழுத ஆசைதான். பொய். பட்டு நெய்கிறவன் கண்ணை எடுக்க முடியாது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை இழைதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மா தார் சுற்றும் சத்தத்துக்கு நடுவில் படித்தேன். கோடையில் வேலூரில் தொடர்பு வகுப்பு நடக்கும். கண்ணமங்கலம் வழியாகப் பஸ். ஒரு கூடத்தில் இருநூறு பேர், முன்னால் ஒரு மைக். கேள்வி கேட்கலாம் என்பார்கள். இருநூறு பேருக்கு நடுவில் எழுந்து நின்று, கர்நாடகப் போரில் ஒரு சந்தேகம் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? நான் பத்து நாளும் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் வந்த செய்யாறு ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அந்தக் கோடையில் நான் படித்த படிப்பு.

அப்பா எனக்கு நெசவு கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வருகிறது. கரை வேறு நிறமாக இருக்கும் சேலைக்கு ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். எட்டு வயதில் அந்த ஆள் நான். தப்பாகத் தள்ளினால் அப்பா திட்ட மாட்டார். தறிக்கட்டையை விரலால் ஒரு தட்டு தட்டுவார். அந்த இழையிலேயே நின்று, பின்வாங்கி, மறுபடி தள்ளுவேன். தப்பு அரை அங்குலம்கூட வளராது. இது ஒரு வகைத் திருத்தம். முடிந்த சேலையை முதலாளி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் இன்னொரு வகை. எடை போடுவார்கள், வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள், ‘குறை இருக்கு’ என்று கூலியில் பிடித்துக்கொள்வார்கள். எந்த இடத்தில், எதனால் என்று கேட்டால், ‘உனக்குத் தெரியாதா?’ என்பார்கள். இருபது நாள் நெய்து முடித்த சேலையில் எதைப் போய்ப் பிரிப்பது? என் இரண்டு விடைத்தாளில் வந்த வெறும் மதிப்பெண் அந்தக் கூலிப் பிடித்தம் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தது. அந்த மூலப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில்தான் முதல் மாணவர்களை எடுத்தது, அதாவது நம் மதுரைக்குச் சமவயது. பேச்சு வழக்கில் இக்னோ என்று ஆகிவிட்ட நம் பல்கலைக்கழகத்தில் ஒரு புதுமை இருந்தது. ஒப்படைப்புகளை ஆசிரியர் திருத்தியாக வேண்டும், அதற்கு இறுதி மதிப்பெண்ணில் பங்கும் உண்டு, பெரும்பாலும் 30 சதவீதம். திருத்திய தாள் மாணவர் கைக்குத் திரும்ப வேண்டும். மாணவருக்குப் பக்கத்து ஊரில் படிப்பு மையம், அங்கே ஞாயிறுதோறும் ஆலோசகர். 90களில் பள்ளி வேலையோடு நானும் அப்படி ஓர் ஆலோசகராக உட்கார்ந்தேன்.

திருத்துகிறவர்களுக்கான பயிற்சியில் எங்களுக்கு ஒரு பாகுபாடு சொல்லிக்கொடுத்தார்கள். தாளில் ஒன்றுமே எழுதாமல் விடுவது ஒரு வகை. ‘நன்று’, ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதிப்போவது வெற்றுக் குறிப்பு. படிக்கிறவனைப் புண்படுத்தும் குறிப்பு ஒன்று, தப்பான வழியில் திருப்பிவிடும் குறிப்பு ஒன்று. எந்த இடத்தில் என்ன குறை, அதை எப்படிச் சரிசெய்வது என்று காட்டுவது ஆக்கக் குறிப்பு. கடைசியாக, முழு விடையையும் சேர்த்துப் பார்த்து முடிவில் எழுதும் பொதுக் குறிப்பு. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் விரல் தட்டுக்கும் முதலாளியின் ‘குறை இருக்கு’வுக்கும் பாடப் புத்தகத்தில் இடம் கிடைத்துவிட்டது.

பயிற்சி ஒன்று, நடப்பு ஒன்று. தாள்கள் மூட்டையாக வரும். ஒரு தாளுக்குக் கொடுக்கிற தொகையை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நூறு தாளில் எண்பது ஒரே மாதிரி இருக்கும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. முதல் பத்துத் தாளுக்கு ஓரம் நிறைய எழுதுவேன். இருபதாவது தாளில் இரண்டு வரி. அறுபதாவது தாளில் ‘நன்று’. என் கையாலேயே எத்தனை பேருக்கு வெற்றுக் குறிப்பு போயிருக்கும் என்பதற்குக் கணக்கு இல்லை. என் பதிமூன்று தாளைத் திருத்தாமல் விட்டவர்மேல் இருந்த கோபம் அப்போதுதான் தணிந்தது. அவர் மேசையிலும் ஒரு மூட்டை இருந்திருக்கும்.

இடையில் டி.வி. வந்தது. 1984 ஆகஸ்டிலிருந்து தூர்தர்ஷனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் வகுப்பு ஓடியது. 2004இல் கல்விக்கென்றே எஜுசாட் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் இனிக் கற்பித்தலே மாறிவிடும் என்றார்கள். பாடம் இன்னும் அழகாக, இன்னும் தூரத்துக்குப் போனது. மாணவன் எழுதியது திரும்பி வரும் வழியில் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2002இல் வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதே தாள், அதே சிவப்பு மையோடுதான் தொடங்கியது.

மாறியது 2014இல். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல். அதுவரை விரிவுரைகளைப் பதிவுசெய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தது. 2014 மார்ச்சில் சான்றிதழ் படிப்புகள் வந்தன. வாரம் ஒரு ஒப்படைப்பு, கெடு முடிந்ததும் மதிப்பெண், சந்தேகம் கேட்க விவாத மன்றம், கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. 2020 ஜூனில், ஊரடங்கில் கல்யாணங்கள் நின்று எங்கள் ஊர்த் தறிகள் ஓய்ந்து கிடந்த நாளில், சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. தேவையில்லை, நாலு வாரம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும் என்றபோது, தெருவில் இருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்தப் புது முறையில் எனக்கு மிகவும் பிடித்தது விவாத மன்றம்தான். ஒரு பிள்ளை கேட்கும், போன பருவத்தில் அதே இடத்தில் தடுக்கி விழுந்த இன்னொரு பிள்ளை பதில் சொல்லும். இது ஒன்றும் புதிதில்லை. நம் திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்து சட்டாம்பிள்ளை உண்டு. எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து 1797இல் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு ‘மதராஸ் முறை’ என்றே பெயர். அங்கே போன சட்டாம்பிள்ளை இப்போது செல்பேசிக்குள் திரும்பி வந்திருக்கிறான்.

என் தங்கை மகள் பகலில் கல்லூரிக்குப் போகிறாள். இரவில் ஓர் இணையவழிப் படிப்பும் படிக்கிறாள். எங்கே என்பது வேண்டாம். ஒருநாள் செல்பேசியை நீட்டி, “மாமா, பத்துக்கு ஆறு போட்டிருக்கு. எது தப்புன்னு சொல்லுது, ஏன் தப்புன்னு சொல்லல” என்றாள். கெடு முடிந்த இரவே மதிப்பெண் வந்திருக்கிறது. என் பதிமூன்று தாளுக்கு மூன்று வருடம் ஆகியும் வராதது இவளுக்கு ஒரு ராத்திரியில் வந்துவிட்டது. இயந்திரம் தறிக்கட்டையைத் தட்டிவிட்டது, அதில் அது அப்பாவைவிட வேகம். ஆனால் அப்பா தட்டிவிட்டு, நான் மறுபடி தள்ளும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்றிரவு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, அந்த நாலு தப்பில் மூன்றுக்குக் காரணம் கண்டுபிடித்தோம். நாலாவதை மன்றத்தில் கேட்கச் சொன்னேன். மூன்று நாள் கழித்து யாரோ ஒரு மூத்த மாணவி விளக்கம் எழுதியிருந்தாள், கடைசியில் ‘நானும் இதே தப்பைத்தான் செய்தேன்’ என்ற வரியோடு. அதைப் படித்தபோது இவள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

இதற்கெல்லாம் பிறகுதான் அவளுக்கு அந்த டிரங்குப் பெட்டிக் கட்டைக் காட்டினேன். ‘ஏன் வென்றார்?’ என்ற ஓரக் குறிப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு நான் அனுப்பித் திரும்பி வராத அந்த மூன்று பக்கத்தின் பிரதியை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கணக்குத் தாள் பார்ப்பது மாதிரி வரிவரியாகப் படித்தாள். பாதியில் பென்சில் கேட்டாள்.

“மாமா, எதிராளிக்கு வயல் சேறு தடையா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்போ மராட்டியக் குதிரை எங்க நின்னு சண்டை போட்டுச்சு? அதுக்கும் அதே சேறுதானே?”

நான் வாயைத் திறக்கவில்லை. சண்டையை எழுதிவைத்த ராபர்ட் ஆர்ம், கிளைவின் இடது பக்கம் இருந்த பனந்தோப்பைச் சொல்கிறார். மராட்டியக் குதிரை மோதியது அங்கே. அதைப் பிற்காலத்தில்தான் படித்தேன். 1984இல் எழுதிய தாளில் பனந்தோப்பு இல்லை. அவள் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘குதிரை எங்கே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். தாள் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நாலாவது பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.